மோதிரம் சொன்ன சேதி

(நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பையும் கம்பனையும் பற்றிப் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எம்மை அழைத்து, “உங்கள் இல்லத்தில் நேர்ந்ததைச் சொல்லுங்கள், அது நம் காலனியில் நாலு பேருக்குப் பயன்படும்” என்று பணித்தார்கள். யாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டும் எழுத்தர். மருத்துவம் எமக்குத் தொழில் அன்று. எனினும் எம் அண்ணனாரோடு பல ஆண்டுகள் மருத்துவமனை வாயில்களில் காத்திருந்தபோது, மருத்துவர்களைக் கேட்டும், அவர்கள் சுட்டியவற்றைப் படித்தும் சிறிது அறிந்துகொண்டோம். அறிந்ததை மட்டுமே இங்குச் சொல்வோம். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

எம் ஊர் காந்தலூர் என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். பாலக்காட்டில் வண்டியேறி, பொள்ளாச்சி கடந்து, உடுமலைப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் சின்னாற்றுக் காட்டைத் தாண்டி, மறையூர் வழியே மலையேறினால் காந்தலூர் வந்துவிடும். கேரள நாட்டு எல்லைக்குள் இருப்பினும், அஞ்சுநாட்டு ஊர்களில் ஒன்றாகிய அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வழங்குகிறது. எம் அண்ணனார் அங்கே வெள்ளைப்பூண்டு பயிரிடும் உழவர். பொங்கலுக்கு ஆண்டில் ஒரு முறை யாம் குடும்பத்தோடு ஊர் செல்வது வழக்கம். இந்த ‘ஆண்டில் ஒரு முறை’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வுரையின் கருத்து அதனைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

அண்ணனாருக்கு 2001இல் திருமணம் நடைபெற்றது. அப்போது அணிந்த மோதிரம் 2009 வாக்கில் விரலை இறுக்கத் தொடங்கியது. 2010இல் விரல் வீங்கி நோவெடுக்கவே, மறையூரில் ஒரு தட்டாரிடம் சென்று மோதிரத்தை அறுத்து எடுத்தார்கள். அடுத்த பொங்கலுக்குச் சென்றபோது அவர் பழைய செருப்பு திண்ணையோரம் கிடந்தது. ஓர் அளவு பெரியதாகப் புதிது வாங்கியிருந்தார். அதற்கடுத்த ஆண்டு குரல் கனத்திருந்தது. மூக்கும் உதடும் தடித்து, தாடை முன்வந்து, முன்பற்களுக்கிடையே சந்து விழுந்திருந்தது. யாம் என்ன சொன்னோம் தெரியுமா? “அண்ணனுக்கு நாட்டாமைக் களை வந்துவிட்டது” என்று சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார். மதினியாருக்கோ, நாள்தோறும் பார்க்கும் முகமாதலால், மாற்றம் ஏதும் புலப்படவில்லை. கண்டது எம் கண். கண்டும் அதனை நகைப்பாக்கியது எம் வாய்.

பின்னர் நீரிழிவு வந்தது. அதற்கு மாத்திரை உண்டார். முழங்கால் நோவுக்குத் தைலம் தடவினார். இரவில் வீடதிரக் குறட்டை விட்டார். தலைவலி ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருத்துவரைக் கண்டார். அவரவர் தம் பங்குக்கு மருந்தளித்தனர். எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்று எவரும் எண்ணவில்லை. 2017இல் ஒரு நாள் பூண்டு மூட்டைகளோடு சாலையைக் கடக்கும்போது, பக்கவாட்டில் வந்த ஜீப்பை அவர் காணவேயில்லை. நூலிழையில் உயிர் தப்பினார். கண்ணில் கோளாறு என்று கண் மருத்துவரிடம் சென்றோம். அவர் இளைஞர். கண்களைச் சோதித்தார்; முகத்தை நெடுநேரம் உற்றுநோக்கினார்; பின், “உங்கள் திருமணப் புகைப்படம் இருக்கிறதா? அடுத்த முறை எடுத்து வாருங்கள்” என்றார். கண்ணுக்கும் கல்யாணப் படத்துக்கும் என்ன தொடர்பு என்று வியந்தோம். படத்தையும் ஆளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எம் நெஞ்சம் திடுக்குற்றது. படத்தில் இருந்தவர் வேறு, எதிரில் இருந்தவர் வேறு!

நோயின் பெயர் அக்ரோமெகலி. 1886இல் பாரிசு நகரத்து மருத்துவர் பியேர் மாரி இட்ட பெயர் அது. கை கால் முதலிய உடலின் முனைகள் பெருத்தல் என்பது பொருள். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் மக்களில் மூவர் நால்வருக்கே புதிதாகக் காணப்படும் அரிய நோய். மெல்ல மெல்ல வளர்வதால், ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரே பெரும்பாலும் கண்டறியப்படுகிறது. எம் அண்ணனாருக்கும் ஏறத்தாழ எட்டாண்டுகள் கழிந்துவிட்டன.

இதற்குக் காரணம் யாது? மூளையின் அடியில், மூக்கின் பின்புறம், குதிரைச் சேணம் போன்றதோர் எலும்புக் குழியில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி அமர்ந்திருக்கிறது. பட்டாணி அளவே உடையது. எடை ஏறத்தாழ அரை கிராம். ஆயினும் உடல் வளர்ச்சி, தாய்ப்பால், மகப்பேறு, தைராய்டு, அட்ரீனல் ஆகிய அனைத்துக்கும் ஆணை இதனிடமிருந்தே செல்கிறது. இதன் முன்பகுதியில் ஐந்து வகை உயிரணுக்கள் உள்ளன. ஒரு வகை வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும். ஒரு வகை பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டினைச் சுரக்கும். மற்றவை அட்ரீனலையும், தைராய்டையும், இனப்பெருக்க உறுப்புகளையும் ஏவும் ஹார்மோன்களைச் சுரக்கும். இவ்வுயிரணுக்களுள் ஏதேனும் ஒன்று கட்டுமீறிப் பெருகிக் கட்டியானால், அது சுரக்கும் ஹார்மோனும் அளவுமீறிப் பெருகும். இக்கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. உடலெங்கும் பரவுவது மிக மிக அரிது. ஆயினும் அவை செய்யும் கேடு சிறிதன்று. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தை அழுத்தும். அப்போது நேரே உள்ளது தெரியும். இருபுறமும் உள்ளது மறையும். வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டினாற் போன்ற நிலை. அண்ணனார் ஜீப்பைக் காணாததன் காரணம் இதுவே.

இனி, ஒரு சிறு சுரப்பியில் இருக்கும் ஐந்து வகை உயிரணுக்களும் வெவ்வேறு பொருளைச் சுரப்பது எங்ஙனம்? இங்கேதான் மரபணுவின் விந்தை தொடங்குகிறது. நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்வோம். இரயில்வேயின் விதிநூல்கள் எல்லா நிலையத்திலும் ஒன்றே. நிலைய அதிகாரி வண்டி இயக்க ஏட்டைத் திறக்கிறார். பார்சல் எழுத்தர் கட்டண ஏட்டைத் திறக்கிறார். பயணச்சீட்டுப் பரிசோதகர் மற்றோர் ஏட்டைத் திறக்கிறார். அதுபோலவே நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணு நூல் இருக்கிறது. புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டும் அதில் ஏறத்தாழ 20,000. ஆனால் ஒவ்வோர் உயிரணுவும் தனக்குரிய ஏடுகளையே திறந்து படியெடுக்கிறது. மற்றவை மூடியே கிடக்கும். எந்த ஏடு திறந்திருக்கிறது, எத்தனை படிகள் எடுக்கப்படுகின்றன என்பதையே மரபணு வெளிப்பாடு என்று அறிஞர் கூறுவர்.

ஏட்டைத் திறப்பவர் யார்? அதற்கெனச் சில புரதங்கள் உள்ளன. பிட்யூட்டரியில் பிட்-1 என்னும் புரதம் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஆகிய மூன்றின் ஏடுகளையும் திறப்பது. டி-பிட் என்பது அட்ரீனலை ஏவும் ஹார்மோனின் ஏட்டைத் திறப்பது. எஸ்.எப்-1 என்பது இனப்பெருக்க ஹார்மோன்களுக்குரியது. முன்பு இக்கட்டிகளை அவை சாயத்தை ஏற்கும் நிறத்தைக் கொண்டும், பின்னர் அவற்றுள் இருக்கும் ஹார்மோனைக் கொண்டும் வகைப்படுத்தினர். 2017இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாடு, ஏட்டைத் திறக்கும் இப்புரதங்களையும் கண்டு வகைப்படுத்தும்படி வகுத்தது.

அடுத்து, நல்ல உயிரணு கட்டுமீறுவது எவ்வாறு? இன்று நம் பாதைகளில் வண்ண விளக்குகளே மிகுதி. ஆயினும் பழைய கைகாட்டி மரத்தை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். கை தாழ்ந்தால் வண்டி செல்லலாம். வண்டி சென்றதும் கை மீண்டும் நிமிர்ந்து, ‘நில்’ என்று காட்ட வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் உயிரணுவிலும் அத்தகைய கைகாட்டி ஒன்று உண்டு. மூளையிலிருந்து ஏவல் வந்தால் அது தாழும். உயிரணு ஹார்மோனைச் சுரக்கும், பெருகவும் செய்யும். சிறிது நேரத்தில் கைகாட்டி தானே நிமிர்ந்துவிடும். அக்கைகாட்டிக்குரிய மரபணுவின் பெயர் ஜி.என்.ஏ.எஸ். அதில் ஓர் எழுத்து மாறிவிட்டால் கை தாழ்ந்தது தாழ்ந்தபடியே நிற்கும். ஏவல் வராவிடினும் வண்டிகள் ஓடிக்கொண்டேயிருக்கும், வளர்ச்சி ஹார்மோனின் ஏடு மூடப்படாது, கட்டி வளரும். அக்ரோமெகலிக் கட்டிகளுள் பத்துக்கு மூன்று நான்கில் இப்பிழை காணப்படுகிறது; 1989இல் ஆராய்ச்சியாளர்கள் இதனைத் தெளிவுபடுத்தினர். அட்ரீனலை ஏவும் ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகள் பலவற்றில் யு.எஸ்.பி-8 என்னும் வேறொரு மரபணுவில் பிழையிருப்பதை 2015இல் கண்டனர்.

இதனைக் கேட்டதும் எம் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுந்தது. மரபணுப் பிழை என்றால் பரம்பரை நோயா? எம் பிள்ளைகளுக்கும் வருமா? இவ்வச்சம் எமக்கு மட்டும் எழவில்லை. அண்ணனாரின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், “குடும்ப நோய் என்று கேள்விப்பட்டோம்” என்று சொல்லித் தயங்கிப் போனார்கள். அன்று மதினியார் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அண்ணனாரோ, “என் முகத்தால் பிள்ளைக்குக் குறை வந்ததே” என்று சொல்லிக் கலங்கினார். அச்சொல்லை யாம் இன்றளவும் மறந்தோமில்லை.

யாம் மருத்துவரிடமே சென்று கேட்டோம். அவர் பொறுமையோடு விளக்கினார்: “மரபணுப் பிழையில் இரு வகை உண்டு. ஒன்று, தாய் தந்தையரிடமிருந்து வந்து உடல் முழுதும் இருப்பது. அது மக்களுக்கும் செல்லலாம். மற்றொன்று, பிறந்து வளர்ந்த பின் சுரப்பியின் ஓர் உயிரணுவில் மட்டும் நேர்வது, அக்கட்டிக்கு வெளியே அது இல்லை, பிள்ளைகளுக்குச் செல்லாது. பிட்யூட்டரிக் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை அல்ல. இளமையிலேயே நோய் தோன்றினாலோ, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருந்தாலோ, இரத்தத்தில் சுண்ணச் சத்து மிகுந்திருந்தாலோ மட்டுமே பரம்பரை உண்டா என்று மேலும் ஆராய வேண்டும்.” அண்ணனாருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. இவ்விளக்கத்தை யாம் அப்படியே உறவினர் நடுவே எடுத்துரைத்தோம். தயங்கியவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் விவரத்தைக் கேட்டறிந்து, மனம் தெளிந்து வந்த வேறோர் குடும்பத்தில் மகளின் திருமணம் இனிதே நடந்தேறியது.

பரம்பரையாக வருவதும் உண்டு என்பதற்குப் புகழ்பெற்ற சான்று அயர்லாந்து நாட்டில் இருக்கிறது. சார்லஸ் பைர்ன் என்பவர் 1761இல் பிறந்தவர். ஏழரை அடிக்கு மேல் உயர்ந்தவர். எலும்பு வளர்ச்சி முடியுமுன் இளமையிலேயே இக்கட்டி தோன்றினால் ஆள் நெடிதுயர்வான். முடிந்த பின் தோன்றினால் கை, கால், முகம் பெருக்கும். பைர்ன் இலண்டனில் தம் உயரத்தையே காட்சியாக்கிப் பிழைத்து, 1783இல், 22ஆம் வயதில் இறந்தார். தம் உடலை வெட்டி ஆராய்வார்கள் என்று அஞ்சி, கடலில் இட்டுவிடும்படி வேண்டினார் என்பர். ஆயினும் ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் அவ்வுடலைக் கைப்பற்றினார். எலும்புக்கூடு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கண்காட்சியில் நின்றது. 1909இல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் மண்டையோட்டைத் திறந்து, பிட்யூட்டரியின் குழி பெருத்திருப்பதைக் கண்டார். 2011இல் ஆராய்ச்சியாளர்கள் பைர்னின் பற்களிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்து, ஏ.ஐ.பி. என்னும் மரபணுவில் பிழையிருப்பதைக் கண்டனர். அதே பிழை இன்று வட அயர்லாந்தில் வாழும் சில குடும்பங்களிலும் இருந்தது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே முன்னோரிடமிருந்து அனைவர்க்கும் அது வந்திருக்க வேண்டும் என்று கணித்தனர். 2023இல் அக்கண்காட்சி மீண்டும் திறக்கப்பட்டபோது அவ்வெலும்புக்கூடு காட்சியில் வைக்கப்படவில்லை. ஒரு மனிதரின் விருப்பத்துக்கு 240 ஆண்டுகள் கழித்தேனும் சிறிது மதிப்புக் கிடைத்தது என்று கொள்வோம்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். புரோலாக்டின் சுரக்கும் கட்டியே இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது. அது தோன்றினால் மாதவிலக்கு நின்றுபோகும், கைக்குழந்தை இல்லாதபோதும் மார்பில் பால் சுரக்கும், கருத்தரிப்பது தடைப்படும். மகப்பேறு இல்லையென்று ஒரு பெண்ணை ஊரார் பழித்துரைப்பதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அவர்களுள் ஒருசிலருக்கேனும் காரணம் இப்பட்டாணியில் இருக்கக்கூடும். பெரும்பாலோர்க்கு இதற்குக் கத்தி வேண்டுவதில்லை. ஏனெனில் அக்கட்டியின் உயிரணுக்கள், டோபமின் என்னும் மூளைப்பொருளை ஏற்கும் வாயிலுக்குரிய ஏட்டை மூடாமல் வைத்திருக்கின்றன. புரோமோகிரிப்டின், கேபர்கோலின் ஆகிய மாத்திரைகள் அவ்வாயில் வழியே ‘நில்’ என்று ஆணையிடுகின்றன. ஹார்மோன் குறைகிறது; கட்டியும் சுருங்குகிறது. வேறொரு கட்டியால் அட்ரீனல் தூண்டப்பட்டுக் கார்டிசால் மிகுந்தால், முகம் நிலவுபோல் வட்டமாகும். வயிற்றில் ஊதா நிறக் கீற்றுகள் தோன்றும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடரும்.

வளர்ச்சி ஹார்மோன் கட்டிக்கோ முதல் மருத்துவம் அறுவையே. மண்டையைத் திறவாமல், மூக்கின் வழியே சென்று கட்டியை எடுக்கிறார்கள். அண்ணனாருக்கும் அவ்வாறே செய்தார்கள். பார்வை பெரும்பாலும் மீண்டது. ஆயினும் கட்டி பெரியதாகையால் சிறிது எஞ்சி நின்றது. எடுத்த பகுதியை ஆய்வகத்தில் சோதித்து, அதில் வளர்ச்சி ஹார்மோனும் பிட்-1 புரதமும் இருப்பதை உறுதி செய்தார்கள். பின் மாதந்தோறும் ஓர் ஊசி. அம்மருந்து சொமாட்டோஸ்டேட்டின் என்னும் இயற்கைப் பொருளை ஒத்தது. அப்பொருளை 1973இல் கண்டறிந்த குழுவின் தலைவர் ரோஜர் கில்லெமின், 1977இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றவர். இவ்வூசி பயன் தருவதற்கும் ஓர் ஏடு திறந்திருக்க வேண்டும். கட்டியின் உயிரணு எஸ்.எஸ்.டி.ஆர்-2 என்னும் வாயிலை நிறையப் படைத்திருந்தால் மருந்து நன்கு வேலை செய்யும். குறைவாகப் படைத்திருந்தால் பயனும் குறையும். அப்போது வேறு மருந்து நாட வேண்டும். நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருந்து செய்க என்றார் வள்ளுவர். அம்முதலை உயிரணுவின் ஏடுவரை சென்று தேடும் காலத்தில் நாம் வாழ்கிறோம்.

இம்மருத்துவத்துக்குக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. கோட்டயத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை, நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். மலையாள நாட்டு மகன் தமிழ் மண்ணில் ஊன்றிய வித்தின் நிழலில், மலையாள மண்ணில் வாழும் தமிழராகிய நாமும் பயன்பெறுகிறோம். இன்று வேலூர், சென்னை, திருவனந்தபுரம் முதலிய நகரங்களில் இவ்வறுவை நடைபெறுகிறது. தொடக்கச் சோதனையோ எளிது. ஐ.ஜி.எப்-1 என்னும் பொருளை இரத்தத்தில் அளந்தாலே ஐயம் பெருமளவு தெளியும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன ‘ஆண்டில் ஒரு முறை’ என்பதற்கு வருவோம். மெல்ல மாறும் முகத்தை உடன் வாழ்வோர் காண்பதில்லை. அஃது அவர்கள் குற்றம் அன்று; கண்ணின் இயல்பு. பிழைப்பு நாடி ஊரைவிட்டு வந்து, ஆண்டுக்கொரு முறை செல்லும் நமக்கே அம்மாற்றம் பளிச்செனத் தெரியும். பிரிந்து வாழ்வதால் நாம் இழந்தவை பல. அப்பிரிவு நமக்கு அளித்த ஒரு கண் இது. அந்தக் கண்ணை யாம் எட்டாண்டுகள் வீணாக்கினோம். நீங்கள் வீணாக்காதீர்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, பெட்டியில் பலகாரத்தோடு ஒரு பழைய புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். தந்தையார், தாயார், உடன்பிறந்தார் முகங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மோதிரம் இறுகியதா, செருப்பின் அளவு கூடியதா என்று கேளுங்கள். வேறுபாடு கண்டால் சிரித்து விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய் இல்லையென்றால் மகிழ்ச்சி; உண்டென்றால் எட்டாண்டுகள் மிச்சம்.

அண்ணனார் இன்று நலமாக இருக்கிறார்; பூண்டு வயலுக்குச் செல்கிறார். தசையின் வீக்கம் வடிந்தது. வளர்ந்த எலும்பு மட்டும் பழையபடி ஆகாது என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார். அறுத்து வைத்த மோதிரத்தை மதினியார் சென்ற ஆண்டு பொருத்திக் கொண்டுவந்தார். மோதிர விரலில் அஃது ஏறவில்லை. சுண்டு விரலில் ஏறியது. “இப்போதைக்கு இது போதும்” என்று சொல்லி அதனை அங்கேயே அணிந்திருக்கிறார்.